பூனைகளில் அக்ரோமெகலி: நீரிழிவுக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு நோயின் வரலாறு

பூனைகளில் அக்ரோமெகலி என்பது, மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டி வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரப்பதால் உண்டாகும் நோய். நடுத்தர வயதைக் கடந்த பூனைகளை, அவற்றிலும் கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளை, இந்நோய் அதிகம் தாக்குகிறது. மிகையான வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் செயலைத் தடுக்கிறது. ஆகவே இப்பூனைகளில் பெரும்பாலானவை நீரிழிவு நோயாளிகளாகவே மருத்துவரிடம் வந்து சேர்கின்றன.

மனிதர்களில் இந்நோய்க்கு 1886ஆம் ஆண்டு பெயரிடப்பட்டது. பூனைகளில் இது 1976ஆம் ஆண்டுதான் விவரிக்கப்பட்டது. அதன் பின்னும் முப்பது ஆண்டுகள் இதை அரிதினும் அரிய நோய் என்றே பாடநூல்கள் கூறிவந்தன. 2007க்குப் பிறகு வெளிவந்த ஆய்வுகள் அக்கருத்தை மாற்றின. நீரிழிவு உள்ள பூனைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை இந்நோயைக் கொண்டிருக்கலாம் என்பது அவ்வாய்வுகளின் முடிவு. கண்ணெதிரே இருந்த ஒரு நோய் இத்தனை காலம் காணப்படாமல் போனதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, உருவ மாற்றத்தை மட்டுமே சுட்டும் அதன் பெயர். மற்றொன்று, எளிதில் செய்யக்கூடிய இரத்தப் பரிசோதனை இல்லாமை.

பெயரின் பிறப்பு

பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய பியர் மாரி என்ற நரம்பியல் மருத்துவர், 1886இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இருவருக்கும் கைகளும் பாதங்களும் முகமும் வழக்கத்துக்கு மாறாகப் பெருத்திருந்தன. கிரேக்க மொழியில் முனை என்று பொருள்படும் சொல்லையும் பெரியது என்று பொருள்படும் சொல்லையும் இணைத்து அக்ரோமெகலி என்ற பெயரை அவர் உருவாக்கினார். உடலின் முனைகள் பெருத்தல் என்பது அதன் பொருள்.

அக்காலத்தில் இரத்தத்தில் உள்ள ஹார்மோனை அளக்கும் வழி கிடையாது. ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. மோதிரம் விரலில் நுழையாமல் போவது, காலணியின் அளவு கூடிக்கொண்டே போவது, கீழ்த்தாடை முன்னே நீள்வது போன்ற வெளித்தோற்றங்களைக் கொண்டுதான் நோயை அடையாளம் காண முடிந்தது. எனவே தோற்றத்தின் அடிப்படையில் பெயர் வைத்தது இயல்பானதே. ஆனால் அப்பெயர் பின்வந்த மருத்துவர்களின் பார்வையைத் தோற்றத்தோடு கட்டிப்போட்டது.

மின்கோவ்ஸ்கியின் இரண்டு கண்டுபிடிப்புகள்

பியர் மாரியின் கட்டுரை வெளிவந்த அடுத்த ஆண்டே, 1887இல், ஆஸ்கார் மின்கோவ்ஸ்கி என்ற மருத்துவர் அக்ரோமெகலி நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். இந்நோயில் பிட்யூட்டரி சுரப்பி பெருத்திருப்பதை அவர் சுட்டிக்காட்டினார்.

அதே மின்கோவ்ஸ்கி 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் யோசப் ஃபான் மெரிங் என்பவருடன் இணைந்து ஒரு நாயின் கணையத்தை முழுவதும் அகற்றினார். அந்த நாய்க்கு நீரிழிவு நோய் வந்தது. நீரிழிவுக்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. 1921-22இல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட், மெக்லியாட், காலிப் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்ததற்கு இச்சோதனையே அடித்தளம்.

பிட்யூட்டரி ஒரு பக்கம், கணையம் மறுபக்கம் என ஒரே மனிதர் இரண்டு ஆண்டு இடைவெளியில் இரு சுரப்பிகளின் மீதும் ஒளி பாய்ச்சியிருக்கிறார். எனினும் அவ்விரண்டுக்கும் இடையே உள்ள பாலம் தெளிவாகப் புலப்பட மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

கட்டியும் ஹார்மோனும்

பிட்யூட்டரி பெருத்திருப்பது நோயின் காரணமா, விளைவா என்ற கேள்வி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விவாதிக்கப்பட்டது. உடல் முழுவதும் பெருக்கும்போது சுரப்பியும் சேர்ந்து பெருக்கிறது என்று கருதியவர்கள் இருந்தனர். 1900இல் கார்ல் பெண்டா என்ற ஜெர்மானிய நோயியல் அறிஞர் இக்கட்டிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். பிட்யூட்டரியின் முன் மடலில், அமிலத் தன்மையுள்ள சாயத்தை ஏற்றுச் சிவக்கும் ஒருவகைச் செல்கள் பெருகியே இக்கட்டிகள் உண்டாகின்றன என அவர் காட்டினார். சுரப்பி குறைவாக வேலை செய்வதால் அல்ல, மிகையாக வேலை செய்வதால்தான் நோய் வருகிறது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

1909இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹார்வி குஷிங் என்ற அறுவை மருத்துவர் அக்ரோமெகலி நோயாளி ஒருவரின் பிட்யூட்டரியில் ஒரு பகுதியை அகற்றினார். நோயாளியின் நிலை சீரடைந்தது. 1921இல் கலிபோர்னியாவில் ஹெர்பர்ட் எவன்ஸ், ஜோசப் லாங் ஆகிய இருவரும் பிட்யூட்டரி முன் மடலின் சாற்றை எலிகளுக்குச் செலுத்தினர். எலிகள் இயல்புக்கு மீறி வளர்ந்தன. அச்சாற்றில் இருந்த வளர்ச்சி ஹார்மோனை 1944இல் சோ ஹாவ் லீயும் எவன்ஸும் மாட்டின் பிட்யூட்டரியிலிருந்து தூய நிலையில் பிரித்தனர்.

ஊசாயின் சோதனைகள்

பிட்யூட்டரிக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை உறுதியாகக் காட்டியவர் அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஊசாய். புவனோஸ் ஐரிஸ் நகரில் பணியாற்றிய அவர், தேரைகளையும் நாய்களையும் கொண்டு பல ஆண்டுகள் சோதனை செய்தார். கணையத்தை மட்டும் அகற்றினால் விலங்குக்குக் கடுமையான நீரிழிவு வரும். கணையத்துடன் பிட்யூட்டரியையும் அகற்றினால் அந்த நீரிழிவு வெகுவாகத் தணிந்துவிடும். 1930ஆம் ஆண்டை ஒட்டி ஊசாயும் பியாசோட்டியும் வெளியிட்ட இம்முடிவு மருத்துவ உலகில் பெரும் கவனத்தைப் பெற்றது. இரு சுரப்பிகளும் இல்லாத அவ்விலங்கு 'ஊசாய் விலங்கு' என்றே குறிப்பிடப்பட்டது. 1947ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பாதி ஊசாய்க்கும், மறுபாதி கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியருக்கும் வழங்கப்பட்டது.

இதன் மறுபக்கத்தை இங்கிலாந்தின் ஃபிராங்க் யங் சோதித்தார். பிட்யூட்டரி முன் மடலின் சாற்றை நாய்களுக்குத் தொடர்ந்து செலுத்தி நிலையான நீரிழிவை உண்டாக்கலாம் என 1937இல் அவர் காட்டினார். 1949இல் அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் தூய வளர்ச்சி ஹார்மோனையே பூனைகளுக்குச் செலுத்தினர். கணையம் முழுமையாக இருந்த அப்பூனைகளுக்கும் நீரிழிவு வந்தது.

வளர்ச்சி ஹார்மோன் பூனைக்கு நீரிழிவை உண்டாக்கும் என்பது ஆய்வகத்தில் 1949லேயே தெரிந்துவிட்டது. வீட்டில் வளரும் பூனைக்கு அதுவே இயற்கையாக நேர்கிறது என்பது மேலும் 27 ஆண்டுகள் கழித்தே பதிவானது.

நீரிழிவு வரும் விதம்

உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் குளுக்கோஸை இன்சுலின் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் அனுப்பிவைக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் இதற்கு எதிராக வேலை செய்கிறது. அது மிகும்போது தசையும் கொழுப்பும் இன்சுலினின் கட்டளைக்குச் செவிசாய்ப்பதில்லை. கல்லீரலும் தன் பங்குக்கு மேலும் குளுக்கோஸை இரத்தத்தில் விடுகிறது. கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. சில காலம் சென்றதும் அதுவும் களைத்துவிடுகிறது.

வளர்ச்சி ஹார்மோனின் மற்றொரு வேலை, கல்லீரலைத் தூண்டி இன்சுலினைப் போன்ற ஒரு வளர்ச்சிக் காரணியை உற்பத்தி செய்ய வைப்பது. இதைச் சுருக்கமாக ஐ.ஜி.எஃப்-1 என்பர். எலும்பும் குருத்தெலும்பும் உள்ளுறுப்புகளும் பெருப்பதற்கு இப்பொருளே பெரிதும் காரணம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சால்மன், டாகடே ஆகியோர் 1957இல் செய்த ஆய்வு இப்பொருள் இருப்பதை முதலில் சுட்டியது. 1978இல் அதன் அமைப்பு முழுமையாக அறியப்பட்டது.

எனவே இந்நோய்க்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, இரத்தச் சர்க்கரை கட்டுக்கடங்காமல் உயர்வது. மற்றொன்று, உடலும் உறுப்புகளும் மெல்ல மெல்லப் பெருப்பது. முதலாவது சில மாதங்களில் தெரிந்துவிடும். இரண்டாவது கண்ணுக்குத் தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம்.

பூனைகளில் முதல் பதிவுகள்

1976இல் கெம்பார்ட், லொப்னோவ் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் நீரிழிவால் பாதிக்கப்பட்ட இரண்டு பூனைகளைப் பற்றி எழுதினர். அவ்விரண்டின் பிட்யூட்டரியிலும் கட்டி இருந்தது. பெண்டா 1900இல் மனிதக் கட்டிகளில் கண்ட, அமிலச் சாயத்தை ஏற்கும் அதே வகைச் செல்களால் ஆனவை அக்கட்டிகள். பூனைகளின் அக்ரோமெகலி பற்றிய முதல் விவரிப்பாக இக்கட்டுரை கருதப்படுகிறது.

1984இல் அமெரிக்காவில் ஐகன்மானும் அவருடைய சக ஆய்வாளர்களும், அக்ரோமெகலியின் தோற்றம் கொண்ட நீரிழிவுப் பூனை ஒன்றின் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் மிகுந்திருப்பதை அளந்து காட்டினர். இவ்வளவு நுண்ணிய அளவில் உள்ள ஹார்மோனை அளக்க முடிந்ததற்குக் காரணம், ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் இறுதியில் உருவாக்கிய கதிரியக்க அளவீட்டு முறை. அம்முறைக்காக யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார்.

நாய்களுக்கும் அக்ரோமெகலி உண்டு. ஆனால் அதன் வழி வேறு. பெண் நாய்களில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் தூண்டுதலால் பால் சுரப்பிகளே வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கின்றன. கருப்பையையும் சூலகத்தையும் அகற்றினால் நாய் பெரும்பாலும் குணமடைந்துவிடும். பூனையிலோ மனிதரைப் போலவே பிட்யூட்டரிக் கட்டியே காரணம். இவ்வகையில் பூனையின் நோய், நாயின் நோயைவிட மனிதரின் நோய்க்கு நெருக்கமானது.

1990இல் நியூயார்க்கின் விலங்கு மருத்துவ மையத்தைச் சேர்ந்த மார்க் பீட்டர்சனும் சக மருத்துவர்களும் அக்ரோமெகலி உள்ள 14 பூனைகளைப் பற்றி விரிவாக எழுதினர். 14 பூனைகளுக்கும் இன்சுலினுக்கு எளிதில் அடங்காத நீரிழிவு இருந்தது. பெரும்பாலானவை ஆண் பூனைகள். இதயம் பெருத்தல், சிறுநீரகச் செயலிழப்பு முதலியவையும் பலவற்றில் காணப்பட்டன. இந்தக் கட்டுரை நீண்ட காலம் பாடநூல்களுக்கு ஆதாரமாக விளங்கியது. அகன்ற முகம், முன்னே நீண்ட கீழ்த்தாடை, பல்லிடை வெளிகள், பெரிய பாதங்கள், தொந்தி வயிறு, குறட்டை என அதில் விவரிக்கப்பட்ட முதிர்ந்த நோயின் படமே மருத்துவ மாணவர்கள் மனத்தில் பதிந்தது. அப்படத்துக்குப் பொருந்தாத பூனையை யாரும் சந்தேகிக்கவில்லை.

லண்டன் ஆய்வுகள்

2007இல் லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டைன் நீசனும் குழுவினரும் வேறொரு வழியைக் கையாண்டனர். தோற்றத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், 184 நீரிழிவுப் பூனைகளின் இரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 அளவைப் பரிசோதித்தனர். வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுதும் அலை அலையாகச் சுரப்பதால் அதன் அளவு நேரத்துக்கு நேரம் மாறும். ஐ.ஜி.எஃப்-1 அவ்வளவு எளிதில் ஏறி இறங்காது என்பதால் அது நம்பகமான சான்று. 59 பூனைகளில் அதன் அளவு ஒரு மில்லி லிட்டருக்கு 1,000 நானோகிராமைத் தாண்டியிருந்தது. அவற்றுள் மேலும் பரிசோதிக்க முடிந்த 18 பூனைகளில் 17க்கு அக்ரோமெகலி உறுதியானது.

அதே கல்லூரி 2015இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரியது. பிரிட்டனின் பல ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவர்கள் அனுப்பிய 1,221 நீரிழிவுப் பூனைகளின் இரத்த மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டன. 319 பூனைகளில், அதாவது 26 விழுக்காட்டில், ஐ.ஜி.எஃப்-1 அளவு 1,000ஐத் தாண்டியது. அவற்றில் 63 பூனைகள் ஸ்கேன் முதலிய மேல் பரிசோதனைகளுக்கு உள்ளாயின. 60 பூனைகளில் நோய் உறுதியானது. இப்பூனைகளுக்குச் சிகிச்சை அளித்துவந்த மருத்துவர்களிடம் முன்கூட்டியே அக்ரோமெகலி சந்தேகம் உண்டா என்று கேட்கப்பட்டிருந்தது. வலுவான சந்தேகம் தெரிவித்தவர்கள் 24 விழுக்காடு மட்டுமே. மற்றவர்கள் தங்கள் முன் இருப்பது வழக்கமான நீரிழிவுப் பூனை என்றே எண்ணியிருந்தனர்.

சுவிட்சர்லாந்திலும் நெதர்லாந்திலும் பின்னர் நடந்த ஆய்வில், 1,000ஐத் தாண்டிய பூனைகள் சுமார் 18 விழுக்காடு. மாதிரிகள் சேகரிக்கப்பட்ட விதத்தைப் பொறுத்து இந்த எண்ணிக்கை மாறக்கூடும். கட்டுக்குள் வராத பூனைகளின் இரத்தத்தையே மருத்துவர்கள் அதிகம் அனுப்பியிருக்கவும் வாய்ப்புண்டு. ஆயினும் அரிய நோய் என்ற பழைய கருத்துக்கு இனி இடமில்லை என்பதை எல்லா ஆய்வுகளும் ஒருமுகமாகக் காட்டின.

பெயர் பற்றிய விவாதம்

இவ்வாய்வுகளுக்குப் பின் நோயின் பெயரே கேள்விக்கு உள்ளானது. இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் மிகுந்த பூனைகளில் பல, பார்வைக்குச் சாதாரணப் பூனைகளாகவே இருந்தன. முனைகள் பெருக்காத பூனைக்கு முனைகள் பெருத்தல் என்று பெயரிடுவது பொருந்தாது. எனவே வளர்ச்சி ஹார்மோன் மிகைச் சுரப்பு என்று பொருள்படும் ஹைப்பர்சொமாட்டோட்ரோபிசம் என்ற பெயர் ஆய்வுக் கட்டுரைகளில் வழக்குக்கு வந்தது. உடல் மாற்றங்கள் வெளிப்பட்ட நிலையை மட்டும் அக்ரோமெகலி என்று குறிப்பது இன்றைய மரபு. பூனை வளர்ப்போரிடையே பழைய பெயரே இன்னும் வழங்குகிறது.

இதைச் சொற்போராக மட்டும் கருத முடியாது. பெயர் மாறியதால் மருத்துவர் தேடும் அடையாளமும் மாறியது. உடல் எடை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கட்டுப்படாத நீரிழிவு உள்ள பூனை பொதுவாக மெலியும். அக்ரோமெகலி உள்ள பூனையோ சர்க்கரை உயர்ந்த நிலையிலேயே எடை கூடலாம். அதன் பசியும் கட்டுக்கடங்காதது. எடை கூடுவதைக் கண்டு சிகிச்சை நன்றாக நடக்கிறது என்று எண்ணிவிடும் அபாயம் முன்பு இருந்தது. இப்போது அதுவே எச்சரிக்கைக் குறியாகக் கொள்ளப்படுகிறது.

கண்டறியும் முறை

சாதாரண நீரிழிவுப் பூனைக்கு ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு யூனிட் இன்சுலின் வீதம் நாளுக்கு இரு வேளை கொடுத்துச் சிகிச்சை தொடங்குவது வழக்கம். உடல் எடையில் கிலோவுக்கு 1.5 முதல் 2 யூனிட்டுக்கு மேல் கொடுத்தும் சர்க்கரை இறங்காவிட்டால் இன்சுலின் எதிர்ப்பு என்று கருதுவர்.

அந்நிலையில் முதலில் சந்தேகிக்கப்படுவது வளர்ப்பவரின் கைதான். இன்சுலின் வெயிலில் கெட்டுவிட்டதா, ஊசி தோலுக்குள் சரியாக இறங்கியதா, நாற்பது யூனிட் இன்சுலினுக்கு நூறு யூனிட் சிரிஞ்ச் பயன்படுத்தப்பட்டதா என்பன கேட்க வேண்டிய கேள்விகளே. பல்நோய், சிறுநீர்த் தொற்று, ஸ்டீராய்டு மருந்து ஆகியவையும் இன்சுலினுக்குத் தடையாகலாம். ஆனால் இவை எல்லாம் சரியாக இருந்தும் பூனை தேறாதபோது, மேற்கொண்டு தேடுவதற்கு முன்பு வழியில்லை. வேளை தவறாமல் ஊசி போட்டவர்கள் தங்களையே நொந்துகொண்டனர். தேறாத பூனைக்கு இறுதியில் கருணைக்கொலையே வழி என்று முடிவெடுக்க நேர்ந்தது. ஐ.ஜி.எஃப்-1 பரிசோதனை பரவலானது இந்நிலையை மாற்றியது.

இப்பரிசோதனையைச் செய்யும் காலமும் முக்கியம். கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1ஐ உற்பத்தி செய்யவே இன்சுலின் தேவை. ஆகவே இன்சுலின் தொடங்காத புதிய நோயாளியில் அதன் அளவு பொய்யாகக் குறைந்து காணப்படலாம். இன்சுலின் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்துப் பரிசோதிப்பது நல்லது. அளவு உயர்ந்திருந்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் பிட்யூட்டரியைப் பார்த்து உறுதி செய்வர். கட்டி மிகச் சிறியதாக இருந்தால் ஸ்கேனில் தெரியாமலும் போகலாம்.

சிகிச்சையின் வளர்ச்சி

*அறுவைச் சிகிச்சை.* நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் மெய் குழுவினர் நாய்களுக்கும் பூனைகளுக்கும் பிட்யூட்டரியை முழுவதும் அகற்றும் முறையை வளர்த்தெடுத்தனர். வாயின் மேலண்ணத்தைத் திறந்து, அதன் மேலுள்ள எலும்பில் சிறு துளையிட்டுச் சுரப்பியை அடைவது அம்முறை. அக்ரோமெகலியும் நீரிழிவும் உள்ள பூனை ஒன்றை இவ்வாறு குணப்படுத்தியதை 2010இல் அவர்கள் வெளியிட்டனர். பின்னர் லண்டனில் 68 பூனைகளுக்குச் செய்த அறுவையின் முடிவுகள் 2021இல் வெளிவந்தன. 58 பூனைகள் நான்கு வாரங்களைக் கடந்து உயிருடன் இருந்தன. 10 பூனைகள் இறந்தன. பிழைத்த 58இல் 41 பூனைகளுக்குப் பின்னர் இன்சுலினே தேவைப்படவில்லை. சுரப்பி முழுவதும் நீங்கிவிடுவதால் ஸ்டீராய்டு, தைராய்டு மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் கொடுக்க வேண்டும். இவ்வறுவையைச் செய்யும் மையங்கள் உலகில் மிகச் சில.

*கதிர்வீச்சு.* கட்டியின் மீது மட்டும் கதிரைக் குவித்துச் சில அமர்வுகளில் முடிக்கும் முறையை அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் 53 பூனைகளில் கையாண்டது. 2018இல் வெளியான முடிவுகளின்படி, இன்சுலின் விவரம் கிடைத்த 41 பூனைகளில் 39க்கு இன்சுலின் தேவை குறைந்தது. 13க்கு அறவே தேவைப்படவில்லை. பலன் தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.

*மருந்துகள்.* 1973இல் கண்டறியப்பட்ட சொமாட்டோஸ்டேட்டின் என்ற இயற்கை ஹார்மோன் வளர்ச்சி ஹார்மோனின் சுரப்பை அடக்கும். அதைப் போலச் செயல்படும் பாசிரியோடைட் என்ற மருந்து, மாதம் ஒரு ஊசியாக 14 பூனைகளுக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டது. ஆறு மாதச் சோதனையை முடித்த எட்டு பூனைகளில் மூன்று இன்சுலினிலிருந்து விடுபட்டன. வயிற்றுப்போக்கு பரவலான பக்கவிளைவாக இருந்தது. மருந்தின் விலையும் அதிகம். விலை குறைந்த கேபர்கோலின் என்ற மருந்து ஊசாயின் நகரான புவனோஸ் ஐரிஸில் ஆராயப்பட்டது. அங்கு சில பூனைகள் நீரிழிவிலிருந்தே மீண்டதாக ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். லண்டனில் ஒன்பது பூனைகளை வைத்து நடந்த சிறிய ஆய்வில் அத்தகைய பலன் தென்படவில்லை.

இன்சுலின் மட்டும் கொண்டு பராமரித்தல்

அறுவையும் கதிர்வீச்சும் எட்டாத இடங்களில் பெரும்பாலான பூனைகளுக்கு இன்சுலின்தான் சிகிச்சை. இங்கு இரண்டு உண்மைகளை நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது. முதலாவது, அக்ரோமெகலி உள்ள பூனைக்குத் தேவைப்படும் இன்சுலின் சாதாரணப் பூனைக்குரியதைப்போலப் பல மடங்காக இருக்கலாம். நோய் உறுதியானபின் அந்த அளவைக் கண்டு அஞ்சிப் பூனையைத் தாகத்திலும் பசியிலும் விட்டுவிடுவது சரியன்று. இரண்டாவது, கட்டியின் சுரப்பு எப்போதும் ஒரே சீராக இருப்பதில்லை. சுரப்பு தணியும் வேளையில் நேற்றுவரை போதாதிருந்த அதே அளவு இன்று மிகையாகி, சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடலாம்.

ஆகவே வீட்டிலேயே சர்க்கரையை அளப்பது இந்நோயில் இன்றியமையாதது. காது விளிம்பில் சிறிது குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து, சர்க்கரை பார்க்கும் கருவியில் இட்டுப் பார்க்கலாம். தோலில் ஒட்டி வைக்கும் உணரிக் கருவிகளும் அண்மைக் காலத்தில் பூனைகளுக்குப் பயன்படுகின்றன. மருத்துவரின் ஆலோசனைப்படி அளவைப் படிப்படியாகவே உயர்த்த வேண்டும். ஒரு நாள் அளவைக் கண்டு மறுநாளே கூட்டுவது ஆபத்து. தள்ளாட்டம், சோர்வு, வலிப்பு ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். அப்போது சிறிது சர்க்கரைப் பாகையோ தேனையோ ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரை அணுக வேண்டும். அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பலிக்கத் தொடங்கினால் இன்சுலின் தேவை விரைவாகச் சரியும். அக்காலத்தில் கவனம் இருமடங்காக வேண்டும்.

இன்சுலின் சர்க்கரையைக் கட்டுப்படுத்துமே தவிரக் கட்டியைக் கட்டுப்படுத்தாது. உறுப்புகள் தொடர்ந்து பெருக்கும். எனவே இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீரகம், மூட்டுவலி ஆகியவற்றையும் காலந்தோறும் பரிசோதிக்க வேண்டும். கட்டி பெரிதாகி மூளையை அழுத்தினால் மந்தம், சுற்றிச் சுற்றி நடத்தல், பார்வைக் குறைவு முதலியவை தோன்றலாம். அதே வேளையில், இன்சுலினை மட்டும் கொண்டே கணிசமான காலம் நலமாக வாழும் பூனைகளும் உண்டு. தண்ணீரும் சிறுநீரும் குறைதல், உறக்கத்திலும் விளையாட்டிலும் பழைய இயல்பு திரும்புதல் ஆகியவை, கருவி காட்டும் எண்ணுக்கு இணையாக மதிக்கப்பட வேண்டிய அளவுகோல்கள்.

இன்றைய நிலை

நீரிழிவுப் பூனைகளுக்கு ஐ.ஜி.எஃப்-1 பரிசோதனை செய்யும் வழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிவருகிறது. நீரிழிவு நன்கு கட்டுக்குள் இருக்கும் பூனைகளிலும், அரிதாக நீரிழிவே வராத பூனைகளிலும்கூட இந்நோய் கண்டறியப்பட்டுள்ளது. தோற்றத்தில் மாற்றமில்லாத தொடக்க நிலையிலேயே நோயைக் காணும் முயற்சிகள் நடக்கின்றன. நோயை முன்னதாக அறிந்தால் இதயமும் சிறுநீரகமும் கெடும் முன்பே சிகிச்சை தொடங்கலாம்.

இதற்கு ஒப்பான ஒரு முன்னுதாரணம் பூனை மருத்துவத்தில் உண்டு. பூனைகளின் தைராய்டு மிகைச் சுரப்பு நோயை 1979இல் நியூயார்க்கில் முதலில் அறிவித்தவர், 14 பூனைகளைப் பற்றி எழுதிய அதே மார்க் பீட்டர்சன். புதுமையான நோயாக அன்று கருதப்பட்ட அது, இரத்தப் பரிசோதனை எளிதானபின் முதிய பூனைகளில் மிகப் பரவலான ஹார்மோன் நோய்களுள் ஒன்று எனத் தெரியவந்தது. இன்று வயதான பூனை மெலிந்தால் கால்நடை மருத்துவர் தைராய்டு அளவைப் பார்க்கத் தவறுவதில்லை. இன்சுலினுக்கு அடங்காத பூனையில் ஐ.ஜி.எஃப்-1 அளவைப் பார்ப்பதும் அவ்வாறே வழக்கமாகிவருகிறது.